மஞ்சள் ரிப்பன் பேட்ஜ்: பொருளில் குறையில்லை, அட்டையில்தான் குறை

எண்டோமெட்ரியோசிஸ் என்னும் மகளிர் நோய்க்கான விழிப்புணர்வு மாதமாகக் கடைப்பிடிக்கப்படும் மார்ச்சில், எங்கள் குடியிருப்பு மகளிர் குழு ஏற்பாடு செய்த மருத்துவ உரைக்கு வருவோருக்குக் கொடுப்பதற்காக, மஞ்சள் ரிப்பன் வடிவ எனாமல் பேட்ஜுகள் 50 அடங்கிய பெட்டி ஒன்றை இணையக் கடையில் வாங்கினோம். மொத்தமாக வாங்கியதால் பேட்ஜ் ஒன்றுக்கு முப்பது ரூபாய்க்கும் குறைவாகவே ஆயிற்று. ஒவ்வொரு பேட்ஜும் சிறிய அட்டையில் குத்தப்பட்டு வருகிறது. அட்டையின் முன்பக்கம் தலைப்பும், பின்பக்கம் மஞ்சள் ரிப்பனின் பொருளை விளக்கும் சில வரிகளும் அச்சிடப்பட்டுள்ளன. பேட்ஜை வாங்கலாம் என்று தயங்காமல் சொல்வேன். அட்டையை மட்டும் அப்படியே யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்பதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேட்ஜ் ஓர் அங்குல உயரம் இருக்கும். விளிம்பு பளபளப்பான உலோகம்; நடுவில் ஊற்றப்பட்ட மஞ்சள் எனாமல் குமிழிகளோ கீறல்களோ இன்றி வழவழப்பாக இருந்தது. பின்புறம் ஒற்றை ஊசியும் அதன் முனையில் அழுத்திப் பொருத்தும் சிறிய உலோக மூடியும் உள்ளன. ஒற்றை ஊசி என்பதால் பேட்ஜ் சிறிது நேரத்தில் சுழன்று தலைகீழாகிவிடுகிறது. இரண்டு ஊசிகள் இருந்திருந்தால் இந்தத் தொல்லை இராது. சுடிதார் துப்பட்டாவிலும் பருத்திச் சேலையிலும் நன்றாக நிற்கிறது. பட்டுச் சேலையிலோ ஜார்ஜெட்டிலோ குத்தினால் ஓட்டை விழும் என்பதால், எங்கள் கூட்டத்தில் பெரும்பாலோர் அதைக் கைப்பையின் வாரில்தான் குத்திக்கொண்டார்கள். அலுவலக அடையாள அட்டையின் நாடாவும் இதற்கு நல்ல இடம்.

நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. இதே கடை தங்க நிற ரிப்பனையும் விற்கிறது. அது குழந்தைப் பருவப் புற்றுநோய்க்கானது. செப்டம்பர் மாதத்தில் அணிவார்கள். கைப்பேசித் திரையில் பார்க்கும்போது இரண்டு படங்களும் ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரிகின்றன. நேரில் பார்த்தால் வேறுபாடு தெரிகிறதே தவிர, நான்கடி தள்ளி நிற்பவருக்கு அதுவும் தெரியாது. ஆகவே படத்தை நம்பாமல், பொருளின் பெயரைப் படித்துப் பார்த்த பிறகே ஆர்டர் செய்ய வேண்டும்.

இனி அட்டை. ‘உலகெங்கும் மஞ்சள் ரிப்பன்’ என்னும் பொருள்படும் தலைப்பின் கீழ், போர்முனையிலிருக்கும் வீரர்களுக்கு ஆதரவு, தற்கொலைத் தடுப்பு, எலும்புப் புற்றுநோய், எண்டோமெட்ரியோசிஸ் என்று நான்கு பொருள்கள் தரப்பட்டுள்ளன. நான்கும் தவறல்ல. ஆனால் இந்தப் பட்டியல் பெரும்பாலும் அமெரிக்காவில் உருவானது. அதை உலகப் பட்டியலாக விற்பதுதான் தவறு. மஞ்சள் ரிப்பனைப் போல நாட்டுக்கு நாடு பொருள் மாறும் ரிப்பன் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்கப் பொருளின் வேர் ஒரு பாடலில் இருக்கிறது. சிறையிலிருந்து விடுதலையாகி வீடு திரும்பும் ஒருவன், தன்னை இன்னும் ஏற்றுக்கொள்வதாக இருந்தால் பழைய ஓக் மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டி வைக்கும்படி மனைவிக்கு எழுதுவதாக அமைந்த பாட்டு 1973இல் அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்றது. 1979 நவம்பர் 4 அன்று ஈரானின் தலைநகர் தெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது அங்கே பொறுப்புத் தூதராக இருந்தவர் புரூஸ் லைங்கன். அவருடைய மனைவி பெனலோபி லைங்கன், மேரிலாந்து மாநிலத்திலிருந்த தம் வீட்டு ஓக் மரத்தில் அந்த டிசம்பரில் மஞ்சள் ரிப்பன் ஒன்றைக் கட்டினார். கணவர் திரும்பி வந்து தம் கையால் அவிழ்க்கும்வரை அது அங்கேயே இருக்கும் என்றார். தூதரகத்தோடு பிடிபட்ட 52 பணயக்கைதிகள் 444 நாட்களுக்குப் பின் 1981 ஜனவரியில் விடுவிக்கப்பட்டபோது நாடு முழுவதும் மரங்களிலும் கம்பங்களிலும் மஞ்சள் ரிப்பன்கள் கட்டப்பட்டிருந்தன. பெனலோபி கட்டிய அந்த ரிப்பன் இப்போது வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பாடலில் சிறைவாசிக்காகக் கட்டப்பட்டது, நடப்பில் அரசு அதிகாரிகளுக்கும், 1991 வளைகுடாப் போரின்போது படைவீரர்களுக்கும் உரியதாகிவிட்டது.

நாம் வாங்கும் பேட்ஜின் சுருள் வடிவம் அந்த மரத்து ரிப்பனிலிருந்து நேராக வந்ததன்று. வளைகுடாப் போர்க்கால மஞ்சள் ரிப்பன்களைக் கண்ட நியூயார்க் கலைஞர் குழு ஒன்று, எய்ட்ஸ் நோயால் துன்புறுவோருக்கும் அத்தகைய அடையாளம் வேண்டும் என்று கருதி 1991இல் சிவப்பு ரிப்பனை உருவாக்கியது. தமிழகக் கல்லூரிகளின் செஞ்சுருள் சங்கங்கள் வழியாக நம்மில் பலருக்கு அறிமுகமான சுருள் இதுதான். ஆறு அங்குல ரிப்பனை வெட்டி, தலைகீழான ‘வி’ போல மடித்து, ஒரு ஊக்கால் குத்திக்கொள்ளுங்கள் என்பதே அவர்கள் சொன்ன செய்முறை. வடிவத்துக்கு அவர்கள் காப்புரிமை கோரவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் அடுத்த ஆண்டே மார்பகப் புற்றுநோய்க்கு இளஞ்சிவப்பு ரிப்பன் பரவ முடிந்தது. எந்த ஆலையும் எந்த நிறத்தையும் வார்த்து, எந்தப் பொருளையும் அட்டையில் அச்சிட்டு விற்கவும் முடிகிறது.

மற்ற நாடுகளுக்கு வருவோம். பிலிப்பைன்ஸில் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ, நாடுகடந்த வாழ்க்கைக்குப் பின் 1983 ஆகஸ்ட் 21 அன்று மணிலா திரும்பினார். மேற்சொன்ன அதே பாட்டை மனத்தில் வைத்து, அவரை வரவேற்க ஆதரவாளர்கள் மஞ்சள் ரிப்பன்களைக் கட்டி வைத்திருந்தார்கள். விமானத்திலிருந்து இறங்கும்போதே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வரவேற்புக்காகக் கட்டிய நிறம் எதிர்ப்பின் நிறமாயிற்று. 1986இல் குடியரசுத் தலைவர் மார்க்கோஸின் ஆட்சியை வீழ்த்திய மக்கள் எழுச்சியிலும், பெனிக்னோவின் மனைவி கொராசோன் அக்கினோ குடியரசுத் தலைவரானபோதும் மஞ்சளே முன்னின்றது. அந்நாட்டில் இந்தப் பேட்ஜை அணிந்தால் இன்றும் அதற்கு ஒரு கட்சிச் சாயல் உண்டு.

தென்கொரியாவில் இதன் பொருள் துக்கம். 2014 ஏப்ரல் 16 அன்று செவோல் என்னும் பயணிகள் கப்பல் மூழ்கியதில் 304 பேர் இறந்தனர். அவர்களில் 250 பேர் ஆன்சான் நகரின் ஒரே பள்ளியைச் சேர்ந்த, சுற்றுலா சென்ற மாணவர்கள். தொடக்க நாட்களில், காணாமற்போனவர்கள் உயிருடன் திரும்பட்டும் என்ற வேண்டுதலாகவே மஞ்சள் ரிப்பன் அணியப்பட்டது. அந்த நம்பிக்கை பொய்த்த பிறகு அதே ரிப்பன் நினைவுகூர்தலாகவும், பின்னர் என்ன நடந்தது என்ற உண்மையைச் சொல்லும்படி அரசைக் கேட்கும் கோரிக்கையாகவும் மாறியது. சியோலின் குவாங்வாமுன் சதுக்கத்தில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து ரிப்பன்களைச் செய்து வழிப்போக்கர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின்னும் பள்ளிப் பைகளில் அவை தொங்கிக்கொண்டிருந்தன. அங்கே ஒருவர் இந்தப் பேட்ஜைக் கண்டால் போர்வீரரையோ நோயையோ நினைக்கப்போவதில்லை.

சிங்கப்பூரை அட்டை விட்டுவிட்டதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. 2004இல், எஸ். ஆர். நாதன் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில், அங்கே மஞ்சள் ரிப்பன் திட்டம் தொடங்கப்பட்டது. தண்டனை முடிந்து வெளியே வருவோருக்கு வேலையும் வீடும் அக்கம்பக்கத்தாரின் ஏற்பும் கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம். சிறைக்கதவு திறந்த பின்னும் சமூகத்தின் சந்தேகம் இரண்டாவது சிறையாக நிற்கிறது, அதன் பூட்டையும் திறக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் முழக்கம். 2009 முதல் சாங்கி சிறை வளாகத்தை ஒட்டி ஓட்டப் பந்தயமும் நடத்தினார்கள். கைதிகளுக்குத் தொழிற்பயிற்சி அளித்துவந்த அரசு அமைப்பே 2020இல் மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர் என்று பெயர் மாற்றம் பெற்றது. பாடலில் காத்திருந்தது ஒரு சிறைவாசியின் மனைவி என்பதை எண்ணிப் பார்த்தால், இத்தனை நாடுகளிலும் மூலக்கதைக்கு உண்மையாக இருப்பது சிங்கப்பூர்தான் என்பது என் கருத்து. எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்த, சிங்கப்பூரில் நெடுங்காலம் வேலை பார்த்த ஓர் அம்மாள், பேட்ஜைக் கையில் வாங்கியதும் “இது ஜெயிலிலிருந்து வந்தவர்களுக்கானது ஆயிற்றே, இங்கே எதற்குக் கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டார். அட்டையில் அவருக்கு விடை இல்லை. மருத்துவர்தாம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

அரசியல் பொருள்கள் இன்னும் பல. ஹாங்காங்கில் ஜனநாயகம் கோரிய 2014இன் குடை இயக்கத்தினர் மஞ்சள் ரிப்பனும், காவல்துறைக்கு ஆதரவானவர்கள் நீல ரிப்பனும் அணிந்தார்கள்; பிறகு மனிதர்களையே மஞ்சள், நீலம் என்று பிரித்துப் பேசும் அளவுக்கு அது வேரூன்றியது. ஸ்பெயினின் காட்டலோனியாவில் 2017இல் சிறையிடப்பட்ட பிரிவினைத் தலைவர்களுக்கு ஆதரவாக அணியப்பட்டது. அதை அணிந்து ஆட்டங்களுக்கு வந்ததற்காக மான்செஸ்டர் சிட்டி பயிற்சியாளர் பெப் குவார்டியோலாவுக்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2018இல் 20,000 பவுண்டு அபராதம் விதித்தது. முப்பது ரூபாய்ப் பேட்ஜுக்கு அது சற்று அதிக விலைதான். உக்ரைனில் ரஷ்யப் படை பிடித்திருந்த கெர்சோனில் 2022இல் தொடங்கிய அமைதிவழி எதிர்ப்பியக்கத்துக்கு மஞ்சள் ரிப்பன் என்றே பெயர். இஸ்ரேலில் 2023 அக்டோபர் 7 அன்று கடத்தப்பட்ட 251 பேரின் மீட்புக்காக அணியப்பட்டது. இவ்விடங்களில் எல்லாம் பேட்ஜை அணிவது ஒரு தரப்பை எடுப்பதாகும். நோய் விழிப்புணர்வுக்காக வாங்கியதைப் பையிலிருந்து கழற்ற மறந்து விமானம் ஏறுகிறவர்கள் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

இவற்றோடு ஒப்பிட்டால் ஒன்று மட்டும் இலகுவானது. கனடா, ஸ்வீடன் போன்ற நாடுகளில் நாயின் கழுத்து வாரில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தால், இது மிரளும் நாய், அருகில் வந்து தடவாதீர்கள் என்று பொருள். நம் தெருக்களுக்கும் இது உதவும் என்று தோன்றுகிறது. கட்டிவிட யார் முன்வருவார்கள் என்பதுதான் தெரியவில்லை.

விற்பனையாளர் செய்ய வேண்டியது எளிது. தலைப்பிலிருந்து ‘உலகெங்கும்’ என்பதை எடுத்துவிட்டு, அட்டையின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டால் போதும். வாங்குகிறவர்கள் தங்கள் நோக்கத்தைத் தங்கள் மொழியில் எழுதிக்கொள்வார்கள். இரண்டாவது முறை உரை நடத்தியபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம். அட்டையைக் கழற்றிவிட்டு, கருப்பையின் உட்சுவரை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ் என்பதையும், குழந்தைப்பேற்று வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதையும், தாங்க முடியாத மாதவிடாய் வலியை இயல்பு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் மூன்று வரிகளில் தமிழில் அச்சிட்டு, அந்தத் தாளிலேயே பேட்ஜைக் குத்திக் கொடுத்தோம். எதற்கான பேட்ஜ் என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. நோயைப் பற்றியே கேட்டார்கள்.

செலவைக் குறைக்க விரும்புவோர் பேட்ஜே வாங்க வேண்டியதில்லை. ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் அரை அங்குல அகல மஞ்சள் சாட்டின் ரிப்பன் சுருள் ஒன்றும் சிறிய ஊக்குகளும் இருந்தால், நியூயார்க் கலைஞர்கள் சொன்ன ஆறு அங்குலக் கணக்கில் வெட்டி, ஒரு பிற்பகலில் நூறு செய்துவிடலாம். வெட்டிய முனைகளை மெழுகுவத்திச் சுடரருகே ஒரு நொடி காட்டினால் இழை பிரியாது. மெல்லிய ஊக்கு என்பதால் பட்டுச் சேலைக்கும் இதுவே பாதுகாப்பானது. ஆண்டுதோறும் எடுத்து வைத்துப் பயன்படுத்த விரும்பினால் எனாமல் பேட்ஜ் வாங்கலாம்.

பேட்ஜுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண்கள். ஒன்று குறைந்தது ஒற்றை ஊசிக்காக. அட்டைக்கு ஒன்று கொடுப்பேன், அதுவும் தாள் தடிமனாக இருந்ததற்காக.