பிரிட்ஜ் போட்டி மென்பொருள்: முதல் சீட்டு இறங்குவதற்கு முன் வரும் சிக்கல்கள்

டூப்ளிகேட் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டப் போட்டிகளை நடத்தும் மதிப்பெண் மென்பொருளை எங்கள் ஊர் மனமகிழ் மன்றத்தில் பல ஆண்டுகளாக இயக்கி வருகிறேன். கணக்குப் போடுவதில் அது ஒருமுறைகூட என்னைக் கைவிட்டதில்லை. ஒரே போர்டை, அதாவது ஒரே சீட்டுப் பங்கீட்டை, எட்டு மேசைகளிலும் ஆடுகிறார்கள். எதிரெதிரே அமரும் இருவர் ஓர் இணை. நம் திசையிலேயே அமர்ந்தவர்களில் நாம் முந்திய ஒவ்வோர் இணைக்கும் இரண்டு புள்ளி, நம்மோடு சமமாக நின்ற இணைக்கு ஒரு புள்ளி. இதைக் காகிதத்தில் கூட்டிக்கொண்டிருந்த காலத்தில் முடிவு அறிவிப்பதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். இப்போது கடைசி மேசை ஆட்டத்தை முடித்ததுமே பட்டியல் திரையில் வந்துவிடுகிறது. ஆனால் முதல் சீட்டு இறங்குவதற்கு முந்தைய அரை மணி நேரம், போட்டியை நடத்தும் டைரக்டரைப் படுத்தும் பாடு வேறு. எழுத வேண்டியது அதைப் பற்றித்தான்.

மென்பொருளின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. முடிவைப் பதிய மேசைக்கு ஒன்றாகக் கருவிகளை வைத்து ஆடும் மன்றங்கள் பலவற்றில் அமைப்பு ஏறக்குறைய இதேதான். வடக்கில் அமர்ந்திருப்பவர் ஒப்பந்தத்தையும் (ஏலத்தில் எத்தனை பிடிகள் எடுப்பதாகச் சொன்னார்கள் என்பது) முடிவையும் கருவியில் பதிகிறார். எதிரணியில் ஒருவர் பார்த்து ஒப்புதல் தருகிறார். அது ரேடியோ அலையில் மடிக்கணினியின் யூஎஸ்பி ரிசீவருக்கு வருகிறது. ரிசீவரோடு வரும் சிறு நிரல் அதை வாங்கி ஓர் ஆக்சஸ் தரவுத்தளக் கோப்பில் எழுதுகிறது. மதிப்பெண் மென்பொருள் அந்தக் கோப்பைத் திறந்து படிக்கிறது. அதாவது, ஒன்றையொன்று அறியாத இரண்டு நிரல்கள், நடுவில் ஒரு கோப்பு. நான் பார்த்த அமைப்புச் சிக்கல்களில் பெரும்பகுதி அந்தக் கோப்பைச் சுற்றியே இருந்திருக்கிறது.

புதுக் கணினி வாங்கும்போது வருவது முதல் வகை. மென்பொருள் ஒழுங்காகத் திறக்கும். உறுப்பினர் பட்டியலும் வரும். அமர்வைத் தொடங்கச் சொன்னதும், தரவுத்தள இயக்கி (அந்தக் கோப்பைத் திறக்க உதவும் துணை நிரல்) பதிவாகவில்லை என்று ஒரு செய்தி வந்து நிற்கும். உடனே மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். எத்தனை முறை செய்தாலும் பலன் இராது, ஏனென்றால் கோளாறு மென்பொருளில் இல்லை. இவ்வகை மென்பொருள்களில் பல இன்னும் 32 பிட் என்ற பழைய வகை. கணினியோடு வந்த ஆபீஸ் தொகுப்போ 64 பிட் என்ற புதிய வகை. 32 பிட் நிரலால் 64 பிட் இயக்கியைப் பயன்படுத்த முடியாது. சரி, 32 பிட் இயக்கியைத் தனியாகப் போடலாம் என்று போனால், 64 பிட் ஆபீஸ் ஏற்கெனவே இருப்பதைக் காட்டி நிறுவ மறுத்துவிடும். போட்டிக்கென்று ஒதுக்கிய கணினியில் 32 பிட் ஆபீஸ் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஆபீஸே இல்லாமல் இயக்கியை மட்டும் போடுங்கள். விண்டோஸ் 64 பிட்டாக இருப்பதில் தடை ஒன்றும் இல்லை. பலர் அங்கேதான் குழம்புகிறார்கள்.

கோப்பு எங்கே இருக்கிறது என்பது அடுத்தது. இப்போதைய கணினிகளில் ஆவணங்கள் கோப்புறை தானாகவே இணையச் சேமிப்போடு இணைக்கப்பட்டிருக்கும். நம் கோப்பில் ஒரு நிரல் நொடிக்கு நொடி எழுதுகிறது, இன்னொன்று படிக்கிறது. மூன்றாவதாக ஒத்திசைவு நிரல் வந்து அதைப் பிரதியெடுக்கப் பார்க்கிறது. நான்கு மேசைகளின் முடிவு வரும், ஐந்தாவது வராது. திடீரென்று கோப்பு பூட்டப்பட்டிருப்பதாகச் செய்தி வரும். சி டிரைவில் நேரடியாக ஒரு கோப்புறை உருவாக்கி, இரண்டு நிரல்களையும் அதைப் பார்க்கும்படி அமைத்தால் தீர்ந்தது. பிரதி வேண்டுமானால் ஆட்டம் முடிந்தபின் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தின் நடுவே முடிவுகள் மொத்தமாக நின்றுபோனால் ரிசீவரைச் சந்தேகப்படுங்கள். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக விண்டோஸ் யூஎஸ்பி இணைப்புகளை உறங்க வைக்கும். ஒரு சுற்றில் மூன்று போர்டுகள் ஆடும்போது எந்த மேசையும் எதையும் பதியாத நிமிடங்கள் உண்டு. அந்த அமைதியில்தான் ரிசீவர் உறங்கிவிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ஹப்பின் பண்புகளைத் திறந்தால், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற பெட்டியில் டிக் இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் உறங்கும் அமைப்பையும் கையோடு மாற்றிவிடுங்கள். மின்வெட்டு வந்தால் மடிக்கணினி தன் பேட்டரியில் ஓடும், மேசைக் கருவிகளும் பேட்டரியில்தான் ஓடுகின்றன. நிற்பது பிரிண்டர் மட்டுமே. அதற்காக ஆட்டத்தை நிறுத்தத் தேவையில்லை.

என்னை அதிகம் அலைக்கழித்தது தேதி. மாதாந்திரத் தரவரிசையில் சில இணைகளின் புள்ளி குறைவாக வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் அல்ல, எல்லா வாரமும் அல்ல. பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, மாதத்தின் 13ஆம் தேதியிலிருந்து நடந்த அமர்வுகள் எல்லாம் சரியாக இருந்தன. அதற்கு முந்தையவை வேறு மாதங்களுக்குப் போயிருந்தன. மார்ச் 5 அன்று ஆடியது மே 3 என்று உட்கார்ந்திருந்தது. ஆக்சஸுக்குள் தரவைத் தேடி எடுக்கும் வினவல் மொழி தேதியை அமெரிக்க முறைப்படி மாதம், நாள் என்று படிக்கும். நம் கணினி நாள், மாதம் என்று எழுதித் தருகிறது. 13 என்று ஒரு மாதம் இல்லாததால் அந்தத் தேதிகளை மட்டும் அதுவே திருப்பிப் போட்டுச் சரியாகப் புரிந்துகொள்கிறது. பாதி சரியாக இருப்பதால்தான் இந்தப் பிழை இவ்வளவு நாள் மறைந்திருக்கிறது. போட்டிக்கென்று விண்டோஸில் தனிப் பயனர் கணக்கு ஒன்று வைத்து, மென்பொருள் எதிர்பார்க்கும் தேதி வடிவத்தை அதில் அமைத்துவிட்டேன். முதல் வாரத்தில் வென்ற இணைக்கு மாதக் கடைசியில் சேர வேண்டிய இடம் சேராமல் போவது சின்ன விஷயம் அல்ல. பரிசுத் தொகை எதுவும் இல்லாத ஆட்டம் இது. அந்தப் பட்டியலில் பெயர் வருவதற்காகவே எழுபது வயதைக் கடந்தவர்கள் படியேறி வருகிறார்கள்.

பெயர்களிலும் கவனம் தேவை. மென்பொருள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். நமக்கு இருப்பது முன்னெழுத்தும் பெயரும். ஒருவர் தந்தை பெயரைக் குடும்பப்பெயராகத் தருவார், இன்னொருவர் முன்னெழுத்தை மட்டும் தருவார். ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். உறுப்பினர் எண்ணை மட்டுமே அடையாளமாகக் கொள்ளுங்கள். மேசையில் உட்கார்ந்ததும் கருவியில் அந்த எண்ணைப் பதியும் பழக்கத்தை எல்லோருக்கும் ஏற்படுத்துங்கள்.

இணைகளும் போர்டுகளும் சுற்றுக்குச் சுற்று மேசை மாறும் முறைதான் மூவ்மெண்ட். அதன் தேர்வில் ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவிடலாம். மிட்செல் முறையில் கிழக்கு-மேற்கு இணைகள் ஒரு மேசை மேலே போகும், போர்டுகள் ஒரு மேசை கீழே வரும். மேசைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் தொல்லை இல்லை. எட்டு மேசைகள் என்றால் நான்கு சுற்றுகள் நன்றாகப் போகும்; ஐந்தாவதில் ஒவ்வொரு கிழக்கு-மேற்கு இணையும் தான் முதல் சுற்றில் ஆடிய அதே போர்டுகளைச் சந்திக்கும். அதனால் அங்கே அந்த இணைகள் ஒரு மேசையைத் தாண்டிப் போக வேண்டும். இல்லையென்றால் தொடக்கத்திலிருந்தே இரண்டு மேசைகள் போர்டுகளைப் பகிர்ந்துகொண்டு, நடுவில் ஒரு தொகுதியை ஆடாமல் நிறுத்திவைக்கும் முறை இருக்கிறது. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். எது தேர்வாகியிருக்கிறதோ அதன்படிதான் மேசைக் கருவி ஆட்களை அனுப்பும். நாம் வாயால் அறிவித்தது அதற்குத் தெரியாது. தொடங்குவதற்கு முன் ஏதாவது ஓர் இணையை எடுத்துக்கொண்டு, ஐந்தாம் சுற்றில் எங்கே போகிறது, எந்தப் போர்டை ஆடுகிறது என்று திரையில் படித்துவிட்டால் போதும்.

சீட்டுப் பங்கீட்டுக் கோப்பை மென்பொருளில் ஏற்றியிருந்தால், முதலில் இறக்கிய சீட்டு அந்தக் கையில் இருந்ததா என்று கருவியே பார்த்துச் சொல்லும். அருமையான வசதி, தவறான போர்டை எடுத்து ஆடுவதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். போன வாரக் கோப்பு ஏறியிருந்தால் அதே வசதி ரகளையாகிவிடும். இதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு: ஒரு மேசையில் மட்டும் மறுப்பு வந்தால் அந்த மேசையில் சீட்டோ போர்டோ மாறியிருக்கிறது. முதல் சுற்றிலேயே நான்கைந்து மேசைகளிலிருந்து கைகள் உயர்ந்தால் மேசைகளை நோக்கி நடக்காதீர்கள். கணினிக்குப் போய்க் கோப்பின் தேதியைப் பாருங்கள்.

ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன் நான் தவறாமல் செய்வது ஒன்றுதான். முதல் மேசைக் கருவியில் நான்கு ஸ்பேட், வடக்கு, சரியாகப் பத்துப் பிடிகள் என்று பொய்யாக ஒரு முடிவைப் பதிந்துவிட்டு அதைப் பின்தொடர்கிறேன். ரிசீவர் நிரலில் தெரியாவிட்டால் இணைப்பில் கோளாறு. அங்கே தெரிந்து மதிப்பெண் மென்பொருளில் தெரியாவிட்டால் கோப்பிலோ இயக்கியிலோ கோளாறு. இரண்டிலும் தெரிந்து வேறு இணையின் பெயரில் விழுந்தால் மூவ்மெண்ட். எல்லாம் சரியாக இருந்தால் அதை அழித்துவிட்டு அமர்வைப் புதிதாகத் தொடங்குகிறேன். இதைச் செய்யத் தொடங்கிய பிறகு ஆட்டம் தாமதமாகத் தொடங்குவது அரிதாகிவிட்டது.

மூன்று நான்கு மேசைகள் மட்டுமே கூடும் மன்றத்துக்கு இந்த ஏற்பாடு அவசியமில்லை; போர்டோடு பயணிக்கும் மதிப்பெண் தாளே போதும். ஐந்துக்கு மேல் போனால் தயங்காமல் வாங்கலாம். விலையில் பெரும்பகுதி மேசைக் கருவிகளுக்கே போகும், ஆனால் அவை நெடுநாள் உழைக்கின்றன.

கடைசியாக, முடிவு அறிவித்ததும் ரிசீவரின் நினைவகத்தை அழிக்க அவசரப்படாதீர்கள். டூப்ளிகேட் பிரிட்ஜ் விதிகளின் 79ஆம் விதிப்படி, அமைப்பாளர் வேறு கால அளவு அறிவிக்காத வரை, மதிப்பெண்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட பின் 30 நிமிடங்கள் வரை பதிவுப் பிழையைத் திருத்தக் கேட்கலாம். மூன்றாம் சுற்றில் நாங்கள் பத்துப் பிடிகள் எடுத்தோம், ஒன்பது என்று இருக்கிறதே என்று யாராவது நிச்சயம் வருவார்கள். அப்போது எந்த மேசையில் எத்தனை மணிக்கு என்ன பதிந்தார்கள், பிறகு மாற்றினார்களா என்பதை ரிசீவர் பதிவைத் திறந்து அவர்கள் கண்முன்னே காட்டலாம். அழித்துவிட்டால் காட்ட ஒன்றும் இராது.