நான்கு வருடம், ஒரே சைக்கிள், தனி ஆள்: எது தாங்கியது, எது காலை வாரியது

இந்த சைக்கிளை வாங்கி நான்கு வருடமாகிறது. இதுவரை ஓடியது 11,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் பாதிக்கு மேல் சும்மா காலை நேரச் சுற்று, மீதி எல்லாம் பைகளைக் கட்டிக்கொண்டு தனியாகப் போன ஐந்து பயணங்கள். கடைசியாகப் போனதுதான் நீளமானது: 19 நாள், 1,420 கிலோமீட்டர், வயல்வெளி, ஒரு சிற்றூர், மறுபடி வயல்வெளி என்று போய்க்கொண்டே இருந்தது. வாங்கிய முதல் மாதமே எழுத உட்கார்ந்திருந்தால் ஆஹா ஓஹோ என்று எழுதியிருப்பேன். நல்லவேளை எழுதவில்லை.

குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீல் பிரேம், 700-க்கு 35 (அகலம் 35 மில்லிமீட்டர்) டயர், முன்னால் மூன்று பல்சக்கரம், ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக், பை இல்லாமல் எடை பதினாலரை கிலோ. தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது மட்டும் திட்டுவேன். பிரேமைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, இரண்டு கீறல், அவ்வளவுதான். வாங்குவதற்கு முன் மூன்று மாதம் பிரேமைப் பற்றியேதான் படித்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. தொந்தரவெல்லாம் வந்தது சீட்டிலும் கைப்பிடியிலும் பின்வீலிலும்.

முதலில் சீட். கடையில் அமுக்கிப் பார்த்து மெத்தென்று இருந்த ஜெல் சீட்டைப் போட்டேன். நாற்பது கிலோமீட்டர் வரை சொர்க்கம். அதற்குப் பிறகு மெத்தை அமுங்கி, உட்காரும் எலும்புகள் தாங்க வேண்டிய பாரம் நடுவில் இருக்கும் சதைக்கு வந்துவிடுகிறது. இரண்டாம் நாள் நின்றுகொண்டே மிதித்தேன். பிறகு ப்ரூக்ஸ் பி17 தோல் சீட்டுக்கு மாறினேன். முதல் 500 கிலோமீட்டருக்குப் பலகை மேல் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது, எப்போது பழகியது என்று எனக்கே தெரியவில்லை, ஒருநாள் சீட்டைப் பற்றி நினைக்காமலே மாலையாகிவிட்டது. ஆனால் இது மழையில் நனையக் கூடாது. நனைந்த தோலில் உட்கார்ந்து ஓட்டினால் தொட்டில் மாதிரி தொங்கிவிடும். அதனால் ஒரு பிளாஸ்டிக் உறை எப்போதும் சீட்டுக்கு அடியில் செருகியே இருக்கும். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக் கூடாது என்பதையும் யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். தையல் உரசிப் புண்ணான பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கை இன்னும் முழுசாகத் தீராத பிரச்சினை. உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கமாக அல்நார் நரம்பு போகிறது. உடம்பின் பாரத்தை மணிக்கணக்கில் அங்கே அழுத்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போகும். இரண்டாவது பயணம் முடிந்து வந்து இரண்டு வாரம் சட்டைப் பொத்தான் போடவே தடுமாறினேன். ஹேண்டில்பாரை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினேன், ஓரத்தில் கொம்பு மாதிரி பிடிகள் மாட்டினேன், சீட் முன்பக்கமாகச் சரிந்திருந்ததை மட்டமாக்கினேன். சீட்தான் பாதிக் காரணமாம், வழுக்கி முன்னால் வர வர கைதானே தாங்க வேண்டும்! இப்போது முதல் நான்கைந்து நாள் ஒன்றும் தெரிவதில்லை. அதற்குப் பிறகு லேசாக ஆரம்பிக்கும், அன்றைக்குச் சீக்கிரம் நிறுத்திவிடுவேன்.

கியர் விஷயத்தில் என் தலைக்கனம்தான் எதிரி. வாங்கும்போது மிகச் சிறிய கியர் முன்னால் 30 பல், பின்னால் 28 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி இரண்டேகால் மீட்டருக்கு மேல் போகும். வெறும் சைக்கிளுக்குப் போதும், பாரம் கட்டி மேடேறினால் முட்டி கெஞ்சும். மூன்றாவது பயணத்துக்கு முன்பு முன்னால் 26, பின்னால் 34 என்று மாற்றினேன். அதற்காகப் பின்னால் செயினைப் பல் மாற்றித் தள்ளும் டிரெய்லியரையும் நீளக் கை உள்ளதாக மாற்ற வேண்டிவந்தது, செயினும் புதிது. இப்போது ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மீட்டருக்கும் குறைவு, நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஆறு கிலோமீட்டர். நடப்பவரைவிடக் கொஞ்சம் வேகம். பரவாயில்லை, இறங்கித் தள்ளுவதைவிட இது மேல். நான் செய்த செலவுகளிலேயே உருப்படியானது இதுதான்.

சரி, பின்வீல். கடைசிப் பயணத்தின் பதினோராம் நாள் மதியம், அடுத்த ஊருக்கு 14 கிலோமீட்டர் இருக்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம், உடனே வீல் ஆட்டம். ஸ்போக் போய்விட்டது. போனால் பின்வீலில்தான் போகும், ஏனென்றால் பாரம் அங்கே. அதுவும் பல்சக்கரப் பக்கம்தான் போக வேண்டுமா? அந்தப் பக்கம் புது ஸ்போக் நுழைக்க கேசெட்டை, அதாவது பின் பல்சக்கர அடுக்கைக் கழற்ற வேண்டும், அதற்கு ஒரு தனிச் சாவியும், பல்சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் சங்கிலிச் சாட்டையும் வேண்டும், இரண்டுமே என்னிடம் இல்லை. பையில் இருந்தது கெவ்லார் நூலில் செய்த தற்காலிக ஸ்போக். கேசெட்டைக் கழற்றாமல் வீல் நடுவில் இருக்கும் ஹப்பின் துளையில் விட்டு இழுத்துக் கட்டிவிடலாம். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக் கட்டையையே அளவுகோலாக வைத்து, ரிம் உரசும் இடத்தில் எதிர்ப்பக்க ஸ்போக்கைக் கால் சுற்று இறுக்கி, பக்கத்து ஸ்போக்கைக் கால் சுற்று தளர்த்தி, ஒரு மணி நேரம் போராடியதில் ஓரளவு நேரானது. ஊருக்குள் போனதும் சைக்கிள் கடைக்காரர் கட்டைவிரலை ரிம் ஓரத்தில் வைத்துச் சுற்றியே பத்து நிமிடத்தில் கோட்டம் எடுத்துவிட்டார். எடுத்துக்கொண்டே, "எல்லாப் பாரத்தையும் பின்னாடியே கட்டினா வீல் என்னங்க பண்ணும்?" என்றார். நான்கு வருடமாக நான் படித்த அத்தனை கட்டுரைக்கும் அந்த ஒரு கேள்வி சமம்.

தனியாகப் போகிறவருக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கூட ஆள் இருந்தால் ஒருவர் போய்ச் சாமான் வாங்கிவரலாம். தனி ஆளுக்கு, பழுதானால் ஒன்று நானே சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் தள்ளிக்கொண்டு போகும் தூரத்தில் இருப்பவரால் சரிசெய்ய முடிய வேண்டும். சிற்றூர்க் கடைக்காரர் அந்த பிரேக் கட்டை தேய்ந்ததைப் பார்த்ததும் மாற்றிவிட்டார். எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்காக இருந்திருந்தால் எண்ணெயும் ஊசியும் எங்கே தேடுவது? டிஸ்க் நன்றாகப் பிடிக்கும், மழையில் இதைவிட நிச்சயம் மேல், அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த சைக்கிளும் கேபிள் பிரேக்தான், வீல் மட்டும் பாரம் தாங்குவதற்காக 36 ஸ்போக்.

அந்தக் கடையிலிருந்து கிளம்பும்போதே இரண்டு சிறிய பைகளை முன் கேரியருக்கு மாற்றினேன். முன்வீல் அச்சு உயரத்துக்குத் தாழ்வாகக் கட்டினால் ஹேண்டில் கொஞ்சம் மந்தமாகத் திரும்புகிறது, ஆனால் இறக்கத்தில் வண்டி ஆடுவது நின்றது. மொத்தப் பாரமே குறைந்தும் விட்டது. முதல் பயணத்தில் 18 கிலோ, இப்போது ஒன்பது. 1884 முதல் 1886 வரை உயரச் சக்கர சைக்கிளில் உலகத்தைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ் மாற்று சட்டை, காலுறை, கூடாரமாகவும் பயன்படும் மழைக்கோட்டு, ஒரு துப்பாக்கி என்று இவ்வளவுதான் கொண்டுபோனாராம். நான் மூன்று ஜோடி செருப்பு கொண்டுபோன ஆள்.

டயர் ஷ்வால்பே மாரத்தான். 7,000 கிலோமீட்டரில் மூன்றே பங்சர், அதில் ஒன்று ட்யூப் மாற்றும்போது நானே லீவரால் கிள்ளியது. கனமான டயர், முதலில் மிதிக்கும்போது சோம்பலாகத் தெரியும். இருட்டும் நேரத்தில் ஆளில்லாத ரோட்டில் பங்சர் ஒட்டியவர்கள் அந்தச் சோம்பலைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

தனியாகப் போவதில் யாரும் சொல்லாத சின்ன இம்சை ஒன்று, வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டும், தண்ணீர் வாங்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் பூட்டு, பை, சந்தேகம். பணம், அடையாள அட்டை, போன் எல்லாம் ஹேண்டில்பார் பையில் வைத்து அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். மற்றதைப் பூட்டிவிட்டு மறந்துவிடுவேன். யாரும் என் அழுக்குத் துணியைத் திருடியதில்லை.

இன்னொன்று எதிர்காற்று. மேட்டுக்கு ஓர் உச்சி உண்டு, எதிர்காற்றுக்கு அதுவும் கிடையாது, முன்னால் போய் மறைக்கவும் ஆளில்லை. மணிக்கு 20-ல் போகும்போது 15 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று அடித்தால், காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், சுமார் மூன்று மடங்கு இழுவை. அந்த மாதிரி நாளில் தூரக்கணக்கை விட்டுவிட்டு மணிக்கணக்கு பார்ப்பேன், ஐந்து மணி நேரம் மிதித்தால் போதும், எந்த ஊர் வந்தாலும் அங்கே தங்கல். ஒருமுறை பிடிவாதமாக 90 முடித்தே தீருவேன் என்று சாப்பிடாமல் மிதித்து, கடைசியில் கண் இருட்டி ஒரு பாலத்துச் சுவரில் அரை மணி உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து பசி வருவதற்கு முன்பே ஒவ்வொரு மணிக்கும் எதையாவது வாயில் போட்டுவிடுவேன்.

வீல் சுற்றும்போதே மின்சாரம் தரும் டைனமோ ஹப் போடலாமா என்று நிறைய யோசித்தேன். மூன்று வாட்தான் தரும், மெதுவாகப் போகும்போது போன் சார்ஜ் ஏறுவதில்லை. தினமும் ஏதோ ஓர் ஊரில் தங்கப்போகிறவருக்கு 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் ஒன்று போதும். வரைபடம் மட்டும் இணையம் இல்லாமல் திறக்க வேண்டும், அது சொல்லும் குறுக்குவழியை நம்பக் கூடாது, ஒரு குறுக்குவழி என்னை நேராக உழுத நிலத்துக்குள் கொண்டுபோய் விட்டது.

செயினுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம், சாதாரண அங்குல ஸ்கேல் போதும். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் மாற்றிவிட வேண்டும், எட்டில் ஒரு பங்கு வரை விட்டால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். முதல் செயினை அப்படித்தான் விட்டுவைத்தேன். இப்போது ஓடுவது நான்காவது. நேற்று அளந்தேன், இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் புதிது ஒன்றை வாங்கிப் பையில் போட்டாயிற்று.