பழைய காற்றுத் துவக்குகளுக்கான உசாத்துணைப் புத்தகங்கள்: நெடுநாள் பாவனையில் கண்டவை

திருகோணமலைப் பக்கம் கைமாறும் பழைய காற்றுத் துவக்குகளில் (எயார்கன்) பெரும்பாலும் கண்ணில் படுபவை பர்மிங்காம் பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மோல் ஆர்ம்ஸ்), வெப்லி, ஜெர்மன் டயானா ஆகியவைதான். 1957 ஒக்டோபர் வரை பிரித்தானியக் கடற்படை தளம் வைத்திருந்த ஊர் இது என்பதால் பிரித்தானிய மாதிரிகள் வருவதில் வியப்பில்லை. வருகிற துவக்கின் மேல் எழுத்து பாதி அழிந்திருக்கும், கட்டை (தோளில் அணைக்கும் மரப்பகுதி) ஒன்று, குழல் இன்னொன்று என்று கலந்திருக்கும். அதனால் ஒரு புத்தகத்தை எடைபோட நாம் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். துவக்கை மேசையில் கிடத்தி, நுட்பமாக அளக்கும் வேர்னியர் கருவியும் பூதக்கண்ணாடியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் புத்தகத்தால் ‘இது இன்ன மாதிரி, இந்த உறுப்பு மட்டும் இதற்குரியதல்ல’ என்று முடிவு சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது வாங்க வேண்டிய புத்தகம். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முடியாவிட்டால் அலுமாரியில் தூங்கப்போகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புத்தகம் சேர்க்க எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. துவக்கு வைத்திருப்பது வேறு விஷயம். காற்றுத் துவக்குத்தானே என்று நினைத்து வாங்கிவிடாமல், கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) பொலிசிலும் உரிம விஷயத்தைக் கேட்டுத் தெளிந்த பிறகே கையை நீட்டுங்கள்.

எல்லோரும் முதலில் வாங்குவது ‘ப்ளூ புக் ஒஃப் எயார்கன்ஸ்’. ரொபர்ட் பீமனும் ஜோன் அலனும் தொகுத்து 2001இல் முதற்பதிப்பு வந்தது, பின்னர் பல பதிப்புகள் கண்டது. தயாரிப்பாளர் பெயர் அகரவரிசையில் வரும். ஒவ்வொன்றின் கீழும் மாதிரிகள், குழல் அளவு, தயாரித்த ஆண்டுகள், பிறகு துவக்கின் நிலையைச் சதவீதமாகப் பிரித்து விலை. அந்த விலைப் பத்தி அமெரிக்கச் சந்தைக்கு டொலரில் போட்டது. அதை இங்கே ரூபாயாக மாற்றிப் பேரம் பேச முயல்வது வீண் வேலை, அந்தக் கணக்கு நம் ஊரில் எந்தப் பக்கமும் பொருந்தாது. ஆனால் ஒரே துவக்கு பல பெயரில் விற்கப்பட்டதைக் கண்டுபிடிக்க இதைவிட வசதியான புத்தகம் இல்லை. டயானா 27ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே ‘ஒரிஜினல் 27’, அதுவே ‘கெக்காடோ’, அமெரிக்காவில் அதுவே ‘ஹை-ஸ்கோர் 807’, 1969 முதல் சில ஆண்டுகள் ‘வின்செஸ்டர் 427’. இந்த உறவு தெரியாதவர் உதிரிப்பாகம் தேடும்போது ஐந்து இடத்தில் அலைவார். விலை நமக்குத் தேவைப்படாததால் புதுப் பதிப்புக்குப் பணம் கொட்டத் தேவையில்லை. பழைய பதிப்பொன்று பாதி விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பிரித்தானியத் துவக்குகளின் உட்பிரிவுகளில் இது மேலோட்டமாகத்தான் போகும். அதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும்.

டபிள்யூ. எச். பி. ஸ்மித்தின் ‘காஸ், எயார் அண்ட் ஸ்பிரிங் கன்ஸ் ஒஃப் தி வேர்ல்ட்’ 1957இல் வந்தது. இன்றும் மேசையை விட்டு இறங்காத புத்தகம். குறுக்குவெட்டுப் படங்களும் இயங்குமுறை விளக்கமும் இதன் பலம். ஸ்பிரிங் தள்ளக் காற்றை அமுக்கும் பிஸ்டனை ஒரு ட்ரிகர் எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதைப் படத்தில் கண்டுகொண்டால், பெயரே தெரியாத துவக்கைக்கூட இன்ன குடும்பம் என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்தப் புத்தகத்துக்கும் எல்லை ஆண்டு ஒன்று உண்டு, அதை உள்ளட்டையிலேயே பென்சிலால் குறித்துவிடுவது நல்ல பழக்கம். 1948இல் வந்த பி.எஸ்.ஏ. எயார்ஸ்போர்ட்டரை ஸ்மித் காலத்துப் புத்தகத்தில் தேடலாம். 1959இல் வந்த மீட்டியரை அங்கே தேடுவதில் அர்த்தமில்லை. ‘புத்தகத்தில் இல்லை, அப்படியானால் அபூர்வமானது’ என்று விற்பவர் சொல்லும் கதையில் பாதி இந்த எல்லை ஆண்டைப் பார்க்காததால் எடுபடுகிறது.

பி.எஸ்.ஏ. வைத்திருப்பவர் கடன்பட்டாவது வாங்க வேண்டியது ஜோன் நிப்ஸ் 1986இல் வெளியிட்ட ‘பி.எஸ்.ஏ. அண்ட் லிங்கன் ஜெஃப்ரீஸ் எயார் றைபிள்ஸ்’. லிங்கன் ஜெஃப்ரீஸின் 1904ஆம் ஆண்டுக் காப்புரிமையை வைத்து 1905 முதல் பி.எஸ்.ஏ. தொழிற்சாலை கீழ்நெம்புத் துவக்குகளை (குழலின் கீழுள்ள நெம்பை இழுத்து ஸ்பிரிங்கை இறுக்குபவை) செய்யத் தொடங்கியது. முதலாம் உலகப் போருக்கு முன்னும் பின்னுமாக வந்த மாதிரிகள் தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இங்கேதான் புத்தகத்தின் அருமை தெரியும். வேலை இப்படிப் போகும்: முதலில் முழு நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து குழல் அளவு. பி.எஸ்.ஏ. கணக்கில் 1ஆம் இலக்கம் என்றால் .177, 2 என்றால் .22, 3 என்றால் .25. பிறகு தொடர் இலக்கம், அதற்கு முன்னால் எழுத்து நின்றால் அந்த எழுத்தையும் விடாமல் குறியுங்கள், மாதிரியைப் பிரிப்பதே பல இடத்தில் அந்த எழுத்துத்தான். கடைசியாகக் கீழ்நெம்பின் வடிவம். தொடக்க கால நெம்பு துவக்கு முனை ஈட்டிபோலக் குழலின் கீழே துருத்தி நிற்கும். பிந்தியது குழலோடு ஒட்டிப் படிந்து கிடக்கும். தொடர் இலக்கம் பிந்திய காலத்தைக் காட்ட, நெம்பு மட்டும் தொடக்க கால வடிவில் இருந்தால், இரண்டு துவக்கைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்பது வெளிச்சமாகிவிடும். மரத்தைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். கட்டைதான் முதலில் உடையும், முதலில் மாற்றப்படும்.

இதே புத்தகக் கூட்டத்தோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று சன்னத்தின் (துவக்கில் போடும் சிறு ஈயக் குண்டு) அளவு. பழைய பிரித்தானிய .22 குழல் இன்றைய 5.5 மில்லிமீற்றர் சன்னத்துக்குச் சற்றுத் தளர்வானது. மேலே சிறு திருகுவாய் வழியாகச் சன்னம் போடும் பி.எஸ்.ஏ.யில் சன்னம் தளர்ந்து விழுந்தால் காற்று பக்கத்தால் கசிந்து வேகம் விழும். ஆள் ஸ்பிரிங்கைக் குற்றம் சொல்லிப் புது ஸ்பிரிங் போடுவார், ஒன்றும் மாறாது. 5.6 மில்லிமீற்றர் சன்னம் கிடைத்தால் போடுங்கள். இல்லாவிட்டால் சன்னத்தின் பின்பாவாடையை (பின்பக்க விளிம்பை) பேனா முனையால் மெல்ல விரித்துப் பாருங்கள். ஸ்பிரிங்கைத் தொடுவது அதற்குப் பிறகு.

வெப்லிக்கு கிறிஸ்டோபர் த்ரேலின் ‘வெப்லி எயார் றைபிள்ஸ் 1925–2005’ போதும். 1932இல் வந்த சேர்விஸ் மார்க் II துவக்குக்குக் குழலைக் கழற்றி மாற்றலாம், .177, .22, .25 என்று மூன்று அளவிலும் உண்டு. விற்பவர் ஒரே குழலோடு தந்தால் அது முழுத் தொகுதியல்ல என்பதையாவது தெரிந்து வாங்க இந்தப் புத்தகம் வேண்டும். கைத்துவக்குப் பக்கம் போகிறவர்களுக்கு ஜோன் கிரிஃபித்ஸ் 2008இல் தந்த ‘என்சைக்ளோபீடியா ஒஃப் ஸ்பிரிங் எயார் பிஸ்டல்ஸ்’ இருக்கிறது. கைத்துவக்கு இல்லாதவர் அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

டயானா விஷயத்தில் பி.எஸ்.ஏ.க்கு நிப்ஸ் செய்ததைப் போல ஆங்கிலத்தில் ஒரே புத்தகத்தை நம்பி உட்காரச் சொல்ல முடியாது. ஜோன் வோல்ட்டரின் ‘எயார்கன் புக்’ (1981), ப்ளூ புக், இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துத்தான் வேலை. பெருங்குழப்பம் பெயரில்தான் வருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஜெர்மனியில் டயானா செய்த ரஸ்ராட் தொழிற்சாலையின் இயந்திரங்களும் டயானா என்ற பெயரும் பிரித்தானியாவின் மில்லார்ட் பிரதர்ஸ் கைக்குப் போயின. அவர்கள் ஸ்கொட்லாந்தில் செய்தவற்றிலும் டயானா என்றே பொறித்தார்கள். ஜெர்மன்காரரோ பிரித்தானியாவில் ‘ஒரிஜினல்’ என்ற பெயரில் விற்றார்கள். ஆகவே டயானா என்று பொறித்ததெல்லாம் ஜெர்மன் என்று நினைத்து ஸ்பிரிங், சீல் வாங்கினால் பொருந்தாமல் போகலாம். பிறந்த நாட்டை எழுத்தில் தேடுங்கள். போருக்குப் பிந்திய ஜெர்மன் டயானாவில் சிலிண்டரின் பின்முனைக்கு அருகே இடப்பக்கத்தில் மாதமும் ஆண்டும் சிறு இலக்கமாக அடித்திருப்பார்கள். ‘03 67’ என்றிருந்தால் 1967 மார்ச். கட்டையின் விளிம்பு மறைத்திருந்தால் கட்டையைக் கழற்றியே பார்க்க வேண்டும். துருவை அரத்தாள் போட்டுத் தேய்த்தால் இலக்கமும் சேர்ந்து போய்விடும், மெல்லிய இரும்பு நாரும் எண்ணெயும் போதும்.

டயானா 27 ட்ரிகரில் மூன்று சிறு உருண்டைகள் உண்டு. பாகப்படம் இல்லாமல் கழற்றுகிறவர் கையில் முதலில் நடப்பது அவை தரையில் உருண்டோடுவதுதான். எந்தப் புத்தகமானாலும் நீங்கள் வைத்திருக்கும் மாதிரியின் பாகப்படம் அதில் இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். கழற்றும்போது தட்டொன்றில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் அமுக்கி இல்லாமல் பின்மூடியைத் திறக்கவே கூடாது, அது முகத்துக்கு நேரே வரும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று விளங்க கார்டியூ தந்தையும் மகனும் எழுதியவை. 1976இல் வந்த ‘ட்ரிகர் டு மஸல்’, அதை விரித்து 1995இல் வந்த ‘ட்ரிகர் டு டார்கெட்’. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் பிந்தியதை வாங்குங்கள். ஸ்பிரிங் துவக்கை நைட்ரஜனுக்குள் வைத்துச் சுட்டு, ஒட்சிசன் இல்லாதபோது வேகம் பெருமளவு விழுவதைக் காட்டினார்கள். அதாவது சிலிண்டருக்குள் மசகு எண்ணெயின் சிறு பங்கு ஒவ்வொரு சூட்டிலும் எரிகிறது. இதை வாசித்தவர் சூட்டு வேகத்தைக் கூட்டுகிறேன் என்று எண்ணெய் ஊற்ற மாட்டார். கூடினால் வெடிச்சத்தமும் புகையும் வரும், ஸ்பிரிங் சிதையும், சீல் கருகும். பழைய துவக்குகளில் பிஸ்டன் வொஷர் தோல்தான்; காய்ந்தால் சுருங்கும், காற்றுப் பிடிக்காது. மாட்டுக்குளம்பு எண்ணெயில் ஊறவைத்து, மேலுள்ளதைத் துடைத்துவிட்டுப் போட்டால் மீண்டும் விரியும். வெஸ்லியின் ‘எயார் கன்ஸ் அண்ட் எயார் பிஸ்டல்ஸ்’ (1955) தோல் வொஷர் காலத்துப் புத்தகம், பழைய துவக்கோடு மல்லுக்கட்டுபவருக்குப் பொருத்தமான துணை. அர்னே ஹொஃப், எல்டன் வொல்ஃப் எழுதியவை வரலாற்றுக்கானவை, அதில் ஆர்வமிருந்தால் மட்டும்.

வாங்குவதெல்லாம் இணையவழிப் பழைய புத்தகக் கடைகளில்தான். 1955, 1957ஆம் ஆண்டுப் புத்தகங்களுக்கு ஐ.எஸ்.பி.என். கிடையாது, ஆசிரியர் பெயரும் பதிப்பகப் பெயரும் போட்டுத் தேடுங்கள். பதிப்பு விபரப் பக்கத்தின் படத்தையும், பொறிப்பு நெருக்கமாகத் தெரியும் பக்கம் ஒன்றின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். தேவைக்கேற்ப அச்சிடும் மறுபதிப்புகளில் ஸ்கேன் செய்த படங்கள் கரிப்பூச்சாகிவிடும், பொறிப்பு வாசிக்க முடியாது. அடையாளம் காணும் வேலைக்கு அது உதவாது. பழைய உரிமையாளர் ஓரத்தில் அளவுகள் எழுதிய பிரதி கிடைத்தால் கழிக்காதீர்கள், அந்தக் குறிப்பு அச்சைவிடப் பயன்படும் இடமுண்டு. பார்சலில் ‘எயார்கன்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் திறந்து பார்க்கும்வரை தடங்கலாகும். சுங்கப் படிவத்தில் அச்சிட்ட பழைய புத்தகம் என்றும், சுங்கத் தலைப்பு 4901 என்றும் எழுதச் சொல்லுங்கள்.

நம் ஊரில் புத்தகத்தைக் கெடுப்பவை இரண்டு. மாரியில் உப்புக் காற்றோடு வரும் ஈரம். வைகாசி முதல் அடிக்கும் கச்சான் காற்று. ஈரத்தில் பளபளப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், பிரிக்க இழுத்தால் படம் உரிந்து மறுபக்கத்தில் போய் ஒட்டும். உலர்ந்த கச்சானில் பசை நொறுங்கி, பசைக்கட்டுப் புத்தகத்தின் பக்கங்கள் கழன்று வரும். சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்ட அலுமாரி, உள்ளே ஈரப்பதமானி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல். 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பி.வி.சி. உறை வேண்டாம், அது கசிந்து அச்சு மையை இழுக்கும், பொலியெஸ்டர் உறை போடுங்கள். கம்பி தைத்த சிறு கையேடுகளில் கம்பியைக் கழற்றிவிட்டு பருத்தி நூலால் தைத்துவிடுங்கள், மாரி வருமுன்னே அந்த வேலை முடிய வேண்டும். எண்ணெய்க் கையோடு மூலப்புத்தகத்தைத் தொடாமல், பாகப்படப் பக்கத்தை மட்டும் போட்டோக்கொப்பி எடுத்து வேலை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.