குடியை நிறுத்த ஆளைச் சேர்க்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்

வீட்டில் குடிப்பவரை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கப் போகிறவர்கள் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். முதல் ஐந்து நாள் இவரைப் பார்க்கப்போகும் மனநல மருத்துவர் யார்? எந்த நேரத்துக்கு வருவார்? நேரான பதில் வராவிட்டால் ஆளைக் கையோடு திருப்பி அழைத்து வந்துவிடுங்கள். என் அண்ணனுக்கு நடந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

அண்ணன் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன் தோட்டத்துக்குப் போனால் காலையிலேயே வேலை முடிந்துவிடும். மீதிப் பகல் முழுவதும் குடிக்குத்தான். மழைக்காலத்தில் வெட்டு நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். வருடக்கணக்கில் குடித்து, காலையில் கொஞ்சம் உள்ளே போகாவிட்டால் வெட்டுக்கத்தி பிடிக்க முடியாமல் கை நடுங்கும் நிலைக்கு வந்துவிட்டார். அண்ணன் மனைவி, என் மைனி, மண்டைக்காட்டம்மனுக்கு நேர்ந்துகொள்ளாத நேர்ச்சை இல்லை.

அப்போதுதான் தெரிந்தவர் மூலமாக ஒரு மறுவாழ்வு மையத்தின் எண் கிடைத்தது. நம் மாவட்டத்துக்குள் இருக்கும் இடம்தான். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. போனில் பேசியவர் மைனியை அம்மா என்று அழைத்து, மூன்று மாதம் எங்களிடம் விடுங்கள், ஆளை மாற்றித் தருகிறோம் என்றார். மூன்று மாதக் கட்டணமும் முன்பணமாகக் கட்ட வேண்டும். அழைத்துப்போகும் வண்டிக்குத் தனிக் காசு. மைனியின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின.

இரவில் வண்டி வந்தது. தூங்கிக்கொண்டிருந்தவரின் கைகளைப் பின்னால் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் இரண்டும் அழுதுகொண்டு நின்றன. வந்தவர்களில் ஒருவரும் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்க்கவில்லை. கடைசியாக எப்போது குடித்தார், தினமும் எவ்வளவு, முன்பு வலிப்பு வந்ததுண்டா, ஈரல் எப்படி, சர்க்கரை உண்டா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுதப்படாத தாளில் மைனியின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டாரிடம் பேசினால் மனம் மாறிவிடுவார், பதினைந்து நாளைக்குப் போன் கிடையாது என்றார்கள்.

ஆனால் மூன்று நாள் முடிவதற்குள் அவர்களே கூப்பிட்டார்கள். ஆள் அடங்கவில்லை, வந்து கூட்டிப்போங்கள் என்றார்கள்.

நாங்கள் போனபோது அண்ணனின் ஒரு கை ஜன்னல் கம்பியில் துணியால் கட்டப்பட்டிருந்தது. நாக்கைக் கடித்து வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கட்டாத கையால் காற்றில் பட்டை சீவிக்கொண்டே, பால் பிடிக்கும் சிரட்டை நிறைந்துவிட்டது, பால் வழிகிறது, மாற்றுங்கள் என்று யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். அங்கே மருந்து கொடுக்கும் பொறுப்பில் இருந்தவர், முன்பு அதே மையத்தில் நோயாளியாக இருந்தவர். வலிப்பு வந்தபோது நடிக்கிறான் என்று அடித்திருக்கிறார்கள். அது நடிப்பில்லை என்று தெரிந்ததும் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். வேறு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டோம். காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அண்ணன் பிழைத்தார்.

அங்கே மருத்துவர் சொன்ன விவரத்தை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். வருடக்கணக்கில் மதுவால் அமுக்கப்பட்ட மூளை அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். மதுவைத் திடீரென்று நிறுத்தினால் அந்த வேகத்துக்குத் தடை இல்லாமல் போகும். முதலில் நடுக்கமும் வியர்வையும் வரும். வலிப்பு பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். நாம் சன்னி என்று சொல்லும் பிதற்றல் 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும். கவனிக்காவிட்டால் அது ஆளைக் கொல்லும். இதைத் தடுக்க மருந்து இருக்கிறது. குளோர்டயஸிபாக்ஸைடு போன்ற மாத்திரையைத் தேவையான அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோரஸிபாம். கூடவே தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசி. அந்த ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், சத்துக் குறைந்த குடிநோயாளிக்கு மூளைப் பாதிப்பு வரக்கூடும். அந்த மையத்தில் செய்தது சரியாக அதைத்தான்.

குடியிலிருந்து மீண்டவர்கள் மற்றவர்களுக்குத் துணை நிற்பதை நான் குறை சொல்லவில்லை. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் குடிமீட்புக் குழு அப்படிப்பட்டவர்களால்தான் நடக்கிறது, கட்டணமும் வாங்குவதில்லை. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனையைப் போல முறையாக நடக்கும் இடங்களும் உண்டு. ஆனால் மீண்டு வந்தவர் பேச்சுத்துணையாக இருப்பது வேறு, ஊசி போடுவது வேறு.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலப் பாதிப்பும் அடங்கும். இத்தகைய நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சம்மதிக்கும் நிலையில் இல்லாத ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால், மனநல மருத்துவர் ஒருவரும் வேறொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அப்போதும் 30 நாள் வரைதான். நீட்டிக்க இரண்டு மனநல மருத்துவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் அடைத்து வைக்கிறோம் என்று முதல் போனிலேயே விலை பேசுகிறவர்கள் இந்தச் சட்டத்தைத் திறந்தே பார்க்காதவர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் எரிந்து போனார்கள். அதற்குப் பிறகும் நம் ஊரில் ஒரு மனிதனை ஜன்னலில் கட்டி வைக்கிறார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இன்னொன்று. அண்ணனைச் சேர்ப்பதற்கு முன்பே அந்த மையத்தார் மைனியிடம் ஒரு பொடியைக் கொடுத்து, மீன்குழம்பில் தெரியாமல் கலக்கச் சொன்னார்கள். நல்லவேளை, மைனி கலக்கவில்லை. அது டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்ததாக இருக்கலாம் என்றார் மருத்துவர். அதை உட்கொண்டவர் மது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இதயத்துக்கே ஆபத்து வரக்கூடும். தெரிந்தே சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு மட்டும், மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு தர வேண்டிய மருந்து அது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம், தரவில்லை. மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து, மாநில மனநல ஆணையத்துக்கும் அனுப்பியிருக்கிறோம். அடுத்தது நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் அங்கே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்த பணத்துக்குக் கட்டணம் கிடையாது. ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள்.

அந்த இடத்தில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், நாங்களே பார்த்தோம். இப்படி ஒரு மையத்தில் உங்கள் வீட்டு ஆள் இருந்தால் இன்றே நேரில் போய், பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வீட்டாரைச் சந்திக்கவும் போனில் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு. சிகிச்சைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். கதவைத் திறக்க மறுத்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள். இன்னும் சேர்க்காதவர்கள் முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416.