கயாரேயின் லூசியானா வரலாறு: நான்கு தொகுதி மறுபதிப்பு

சார்லஸ் கயாரே எழுதிய, அமெரிக்காவின் லூசியானா மாநில வரலாற்றின் மறுபதிப்பை நான்கு தொகுதிகளும் சேர்த்து வாங்கினேன். பழைய பக்கங்களை அப்படியே ஸ்கேன் செய்து அச்சடித்திருக்கிறார்கள். தாள் நன்றாக இருக்கிறது. ஆனால் அடிக்குறிப்புகள் பல இடங்களில் மசமசவென்று கிடக்கின்றன. பைண்டிங் இறுக்கமாக இருப்பதால் உள்ளோர எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடுகின்றன. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எழுதியவர் யார் என்று அரைப் பக்கம்கூடச் சேர்க்காததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவர் வாழ்க்கை தெரியாவிட்டால் இந்த நூல் பாதிதான் பிடிபடும். 1805-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். தாய்வழித் தாத்தா எத்தியென் தெ போரே அந்த நகரத்தின் முதல் மேயர். கயாரே பிலடெல்பியாவில் சட்டம் பயின்று வழக்கறிஞராகி, 1830-இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அப்புறம் உதவி அட்டர்னி ஜெனரல், நீதிபதி. அமெரிக்க செனட்டுக்கும் தேர்வானார். உடல்நிலை இடம் கொடுக்காததால் பொறுப்பேற்காமலே விலகி ஐரோப்பா போனார். திரும்பி வந்து மறுபடி சட்டமன்றம், 1846 முதல் 1853 வரை மாநிலச் செயலாளர். வரலாற்றுத் தொகுதிகள் வரத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

இனி 1768 கிளர்ச்சிப் பகுதியைப் படித்துப் பாருங்கள். பிரான்ஸ் தன் காலனியான லூசியானாவை ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டிருந்த காலம் அது. ஸ்பானிய ஆளுநர் உல்லோவாவைப் பிரெஞ்சுக் குடியேறிகள் விரட்டிவிடுகிறார்கள். மறு ஆண்டு ஸ்பெயின் அனுப்பிய தளபதி ஓ'ரெய்லி படையோடு வந்து, விசாரணை நடத்தி, ஐந்து பேரைச் சுட்டுக் கொல்ல வைக்கிறார். அதில் ஒருவர் லாஃப்ரெனியேர், காலனியின் அட்டர்னி ஜெனரல். இதை எழுதுபவரின் கொள்ளுத்தாத்தாவோ உல்லோவாவோடு வந்த கணக்கு அதிகாரி! அப்படியிருந்தும் கயாரே ஒரு பக்கம் சாய்ந்துவிடாமல், கடிதங்களையும் மனுக்களையும் நீளநீளமாக எடுத்துப் போட்டு வாதிடுகிறார். கோர்ட்டில் பழகிய கை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. எனக்கு இந்தப் பகுதி ஒன்றுக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

குறையும் உண்டு. தோட்ட முதலாளிக் குடும்பத்துப் பிள்ளை அவர். அடிமைகளாக உழைத்தவர்களை அந்த வீட்டு ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்பின் பக்கம் நின்று சொத்தை இழந்தார்; 1895-இல் வறுமையில்தான் இறந்தார். போர் முடிந்த மறு ஆண்டு, 1866-இல் வந்த நான்காம் தொகுதியை இது தெரிந்து படிப்பது நல்லது.

முதல் தொகுதியின் தொடக்கத்தில் கற்பனைப் பூச்சு அதிகம், வேகமாகத் தாண்டலாம். ஸ்பானிய ஆட்சியைச் சொல்லும் மூன்றாம் தொகுதி தனியாகக் கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள். பதிப்பாளர் அடுத்த அச்சிலாவது ஒரு வாழ்க்கைக் குறிப்பைச் சேர்க்க வேண்டும், உள்ளோரத்தில் அரை அங்குலம் கூடுதலாக விடவும் வேண்டும்.