விட்மனா, டிக்கின்சனா? ஒரு வரியை வைத்துக் கண்டுபிடிக்க

அமெரிக்க இலக்கிய வினாடி வினாவில் 19-ஆம் நூற்றாண்டுக் கவிதை வரி வந்தால், பலரும் தடுமாறுவது வால்ட் விட்மனுக்கும் எமிலி டிக்கின்சனுக்கும் நடுவேதான்.

வரியின் நீளம்
விட்மன்: பக்க ஓரம்வரை ஓடி மடியும். அடுக்கிக்கொண்டே போவார்.
டிக்கின்சன்: சில சொற்கள்தான். நாலடிப் பத்தி, தேவாலயப் பாட்டின் மெட்டு. வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், பொருந்தும்.

'நான்'
விட்மன்: "நான் பெரியவன், எனக்குள் கூட்டங்கள் இருக்கின்றன."
டிக்கின்சன்: "நான் யாருமில்லை! நீ யார்?"
எனக்கு இந்த ஒரு சோதனையே போதும்.

குறிகள்
டிக்கின்சனிடம் எங்கு பார்த்தாலும் இடைக்கோடுகள். ஆனால் அவர் இறந்தபின் 1890-இல் வந்த முதல் தொகுப்பில் பதிப்பாசிரியர்கள் அவற்றைப் பெரிதும் 'சரிசெய்து' விட்டார்கள். 1955 பதிப்பில்தான் கோடுகள் திரும்பின. பழைய பதிப்பின் வரியென்றால் கோட்டை நம்ப வேண்டாம்.
விட்மனிடம் பெரும்பாலும் காற்புள்ளிகள்.

பொறி
"ஓ கேப்டன்! மை கேப்டன்!" இயைபோடு ஒலிக்கும், டிக்கின்சன் என்று நினைக்கத் தோன்றும். இருந்தும் விட்மனுடையது, 1865-இல் லிங்கன் கொல்லப்பட்டபின் எழுதியது.

போட்டிக்கு அவசரமாகத் தயாராகிறீர்களா? டிக்கின்சன். கவிதைகள் குட்டி, முதல் வரியே தலைப்பு மாதிரி, மனதில் ஒட்டிக்கொள்ளும். பொறுமையாக வாசிக்க நேரமிருந்தால் விட்மனின் 'புல்லின் இதழ்கள்'. 1855 முதல் பதிப்பில் பன்னிரண்டே கவிதைகள், அதிலிருந்து தொடங்கலாம்.