லில்லிப் புழுவுக்கு எது சரி: வேப்பெண்ணெயா, பி.டி.யா, கையால் எடுப்பதா?

மாடித்தோட்டத்தில் அமரில்லிஸ், சிலந்தி லில்லி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புழுவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கறுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி, ஆரஞ்சுத் திட்டு. கூட்டமாக உட்கார்ந்து இலையை மொட்டையாக்கிவிடும். செங்காந்தளையும் இதே புழுதான் மேய்கிறது. மூன்று வழியையும் செய்து பார்த்துவிட்டு இப்போது கையால் எடுப்பதையே பிடித்துக்கொண்டேன். பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவால் ஆன புழுக்கொல்லி) துணைக்கு இருக்கிறது, வேப்பெண்ணெயை இந்தப் புழுவுக்கு மட்டும் விட்டுவிட்டேன்.

வேப்பெண்ணெய் மோசம் என்று சொல்லவில்லை. மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் இன்றும் அதைத்தான் அடிக்கிறேன்: லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயந்திரம் தெளிப்பு. ஆனால் அதிலுள்ள அசாடிராக்டின் வெயில் பட்டால் சில நாளிலேயே வீரியம் இழந்துவிடும், மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். லில்லி தளதளவென்று துளிர்ப்பதும் மழைக்குப் பிறகுதான், புழு வருவதும் அப்போதுதான். ஆக, மருந்து நிற்காத பருவத்தில்தான் மருந்து தேவைப்படுகிறது. போதாக்குறைக்கு இலை வழுவழுப்பானது, சோப்பு குறைந்தால் கரைசல் முத்து முத்தாக உருண்டு விழும். ஒட்டினாலும் புழு உடனே சாகாது. தின்பது குறையும், தோலுரிப்பது கெடும். அதற்குள் பெரிய புழுக்கள் பூத்தண்டு வரை போய்விடுகின்றன.

பி.டி. பவுடரும் வெயிலில் கெடும், மழையில் கரையும். ஆனால் மருந்து பட்ட இலையைத் தின்ற சின்னப் புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். தேனீக்கு ஆபத்தில்லை. விரலளவு வளர்ந்த புழுவிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை.

கையால் எடுப்பதில் எனக்குப் பிடித்ததே, மழை பெய்தாலும் செய்த வேலை வீணாகாது என்பதுதான். இலையின் அடிப்பக்கத்தில் முட்டைகள் குவியலாக ஒட்டியிருக்கும், அந்தத் துண்டை மட்டும் கிள்ளி எடுத்தால் ஒரு கூட்டமே போய்விடும். பெரிய புழுக்களைச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கும் என்பதால் தொட்டியின் மேல்மண்ணைக் கிளறிப் பொறுக்குவதையும் விடக்கூடாது. இன்னொரு வகைப் புழு இலைக்குள்ளேயே துளைத்துக் கிழங்கு வரை இறங்கும். அது உள்ளே போனபிறகு எந்தத் தெளிப்பும் எட்டாது. இலையில் கண்ணாடி மாதிரி வெளிறிய பட்டை தெரிந்ததும் அதற்குக் கீழே வெட்டிவிட வேண்டும். கிழங்கைத் தொட்டுவிட்டால் தோண்டி எடுத்து, அழுகிய அடுக்குகளை உரித்து, நிழலில் காயவைத்துத் திரும்ப நடலாம். எல்லாம் தொட்டிச் செடிகளுக்குச் சொல்வது. பாத்தி பாத்தியாக வைத்திருந்தால் கை மட்டும் போதாது, பி.டி.யும் வேண்டியிருக்கும்.

பூஞ்சை விஷயம் தனி. இலையிலும் பூத்தண்டிலும் சிவப்புக் கோடு விழுந்து, அந்த இடத்தில் இலை வளைந்தால் அது சிவப்புத் திட்டு நோய், ஸ்டாகனோஸ்போரா என்ற பூஞ்சையால் வருவது. இலை வெள்ளி பூசியது போல வெளிறி, நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் இருந்தால் இலைப்பேன். அதற்குப் பூஞ்சை மருந்து வீண். சிவப்புத் திட்டுக்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் அடிக்கிறேன். ஆனால் நோய் வந்த இலையை வெட்டிவிட்டு, தலையோடு ஊற்றாமல் அடியில் தண்ணீர் விட ஆரம்பித்ததில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. கிழங்கு கொழகொழத்து நாறினால் பெரும்பாலும் தண்ணீர் தேங்கியதுதான் காரணம், முதலில் மண்கலவையை மாற்றுங்கள். அழுகலைத் தடுக்க மண்ணில் கலக்கும் டிரைக்கோடெர்மா என்ற உயிர் மருந்தை ஒரு சில தொட்டிகளில்தான் போட்டிருக்கிறேன், அதனால்தான் அழுகல் நின்றது என்று அடித்துச் சொல்லமாட்டேன். போடுவதாக இருந்தால் அந்த மண்ணில் காப்பர் மருந்தை ஊற்றாதீர்கள். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான், அதையும் பாதிக்கும்.